ஒரு சாண் இடைவெளியில் இரண்டு விளக்குகள்

23 நவம்பர் 2025, ஞாயிறு

சிங்கப்பூரின் பொங்கோலுக்கு வீடு மாறிப் போகும் அக்கா, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இனித் தேவைப்படாது என்று, நிண்டெண்டோ வீ என்னும் பழைய விளையாட்டுப் பெட்டியை இன்று எங்கள் தோ பாயோ வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். 2006 நவம்பரில் வெளிவந்து, உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. ஆனால் எனக்கு ஐம்பது வயதாகியும் நான் எந்த வீடியோ கேமையும் கையால் தொட்டதில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும்போது இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் ஓட, மற்ற உடம்பு நாற்காலியில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, விளையாட்டு என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது என்று நினைத்திருந்தேன்.

இதில் விளையாடுவதற்கு எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளை நிற ரிமோட் ஒன்றைப் பிடித்து, அதன் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால், திரையில் இருக்கும் பொம்மை மனிதனும் மட்டையை வீசுகிறான். ஓடிப் பந்தின் அருகே போவதை அவனே பார்த்துக்கொள்கிறான். வீச்சும் அதன் நேரமும் மட்டும் நம் பொறுப்பு. முதல் பத்துப் பந்துகளை நான் தவறவிட்டேன். பதினோராவது பந்து பட்டபோது, ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ‘டொக்’ என்ற ஓசை வந்து, உள்ளங்கையில் ஓர் அதிர்வும் ஓடியது. ஓசை திரையிலிருந்து வராமல் என் கையிலிருந்தே வந்ததால், உண்மையாகவே எதையோ அடித்துவிட்டேன் என்று உடம்பு நம்பிவிட்டது.

24 நவம்பர், திங்கள்

தோள்பட்டை வலிக்கிறது. வலி எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

உயர்நிலை 2 முடித்திருக்கும் மகன், சோஃபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று சுண்டி என்னைத் தோற்கடித்தான். எப்படி என்று கேட்டபோது அவன் பொறுமையாக விளக்கினான். ரிமோட்டுக்குள் முடுக்கமானி என்னும் சில்லு இருக்கிறது. அதில் மிக நுண்ணிய எடை ஒன்று வில்கம்பிகளில் தொங்குவதுபோல் அமைந்திருக்கிறது. கை அசையும்போது அந்த எடை எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. கை ஓய்ந்திருக்கும்போதும் புவியீர்ப்பு அந்த எடையை இழுத்துக்கொண்டே இருப்பதால், ரிமோட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரிகிறது. ஆனால் வீசுகிறவர் நிற்கிறாரா, படுத்திருக்கிறாரா என்பது தெரியாது. சின்னச் சுண்டலாக இருந்தாலும் வேகம் இருந்தால் போதும், அது முழு வீச்சுக்குச் சமம். 2009இல் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் கொண்ட துணைக்கருவியை நிறுவனமே வெளியிட்டதாம். அது எங்களிடம் இல்லை.

மகன் செய்வது தவறில்லை, விதியில் இடம் இருக்கிறது. ஆனாலும் நான் எழுந்து நின்று, தோளிலிருந்து கையை வீசித்தான் ஆடுவேன். கருவிக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும் அல்லவா?

26 நவம்பர், புதன்

இன்று நடந்ததை முழுவதும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்று நாளாக ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை, என் மாமியார், எழுபத்து நான்கு வயதானவர், மாலையில் தானாகவே எழுந்துவந்து, “அந்த உருட்டுப் பந்தை நானும் ஒருதரம் போட்டுப் பார்க்கிறேன்” என்றார். தொடக்கநிலை 5 முடித்த மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே பாட்டிக்கு ஒரு பொம்மை உருவம் செய்தாள்: வட்ட முகம், வெள்ளை முடி, கண்ணாடி. பந்தை உருட்டி, ‘பின்’ என்னும் கட்டைகளைச் சாய்க்கும் அந்தப் போலிங்கில் செய்ய வேண்டியதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். ரிமோட்டை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, அடிப்பக்கம் ஆள்காட்டி விரல் படும் இடத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தியபடி கையைப் பின்னே கொண்டுபோய், முன்னே வீசும்போது விரலை எடுத்துவிட வேண்டும். விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பந்து பின்பக்கம் விழும்; பின்னால் நிற்கும் பொம்மைகள் திடுக்கிட்டுத் துள்ளும்.

அத்தை வலக்கையால் நான்கு முறை வீசினார். இரண்டு முறை பந்து பின்னே போயிற்று, இரண்டு முறை ஓரக் குழியில் விழுந்தது. அவருடைய கை தயங்கித் தயங்கிப் போவதை நான் கவனித்தேன். மாவு பிசையும்போதும் துணி பிழியும்போதும் இருக்கும் உறுதி அதில் இல்லை. மகளும் கவனித்திருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். தொடங்கும்முன் திரையில் வலக்கையா இடக்கையா என்ற கேள்வி வந்தது. அவள் அதை அப்படியே படித்துக் காட்டி, “பாட்டி, நீங்க எந்தக் கை?” என்றாள்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சின்ன வயசுல நான் இடக்கைக்காரி” என்றார்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கும் எனக்கு அது இன்றுவரை தெரியாது. அவருடைய தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். சாப்பிடும்போது இடக்கை சோற்றை நோக்கி நீண்டால் வீட்டில் அடி விழுமாம். பள்ளியில் ஓர் ஆசிரியர் எழுதும் நேரம் முழுவதும் இடக்கையைத் தாவணி முனையால் நாற்காலியோடு கட்டிவைப்பாராம். பத்து வயதுக்குள் எல்லாமே வலக்கைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

மகள் பட்டையைக் கழற்றி இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். ஐந்தாவது பந்து ஒரு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடிப் பத்துப் பின்களையும் சாய்த்தது.

30 நவம்பர், ஞாயிறு

கார்த்திகைக்கு வீட்டைத் துடைக்கும்போது தொலைக்காட்சி மேசையை நகர்த்தினேன். திரைக்கு அருகே வைக்கும் சென்சார் பார் என்னும் பட்டையின் கம்பி, மேசைக் காலில் சிக்கி அறுந்துவிட்டது. முழுக்க என் கவனக்குறைவு.

அந்தப் பட்டை நம்மைப் பார்க்கிறது என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். உண்மையில் அது எதையும் பார்ப்பதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். பார்க்கும் கேமரா ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. இரண்டு ஒளிப்புள்ளிகளும் எங்கே தெரிகின்றன, எவ்வளவு இடைவெளியில் தெரிகின்றன என்பதை வைத்து, நாம் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறோம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று அது கணக்கிடுகிறது. மகன் கைப்பேசிக் கேமராவை முனைகளுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நல்ல நிலையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கேமராவில் மங்கிய ஊதா நிறத்தில் தெரியுமாம். ஒன்றும் தெரியவில்லை. ஒளி இல்லாததால், விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் சுட்டுக்குறியும் திரையில் வரவில்லை. அத்தை, “பரவாயில்லம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

3 டிசம்பர், புதன், கார்த்திகை தீபம்

தேக்காவில் வாங்கிய அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது மகன் ஓடிவந்தான். தீச்சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது, இரண்டு மெழுகுவர்த்திகளே அந்தப் பட்டையின் வேலையைச் செய்துவிடும் என்றான். மெழுகுவர்த்தி எதற்கு, இன்று வீடு நிறைய விளக்கு இருக்கிறதே என்றேன்.

பட்டையின் இரு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். அத்தையே வலக்கையால் சாண் அளந்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு அகல்களை வைத்து ஏற்றினார். தாம்பாளத்தைத் திரைக்கு முன்னால், சற்றுத் தள்ளி, முக்காலியின்மேல் வைத்தோம். சுடர் ஆடினால் குறியும் ஆடியது, மின்விசிறியை நிறுத்தினோம். தாம்பாளத்துக்குப் பின்னால் இருந்த பூசை மாடத்தின் விளக்கும் ரிமோட்டின் கேமராவில் பட்டுக் குறி அங்குமிங்கும் தாவியதால், நடுவே தட்டியை இழுத்துவிட்டோம். அப்புறம் சுட்டுக்குறியான அந்தச் சின்னக் கைச்சின்னம் திரையில் தோன்றி, மெல்ல நடுங்கிக்கொண்டே நின்றது. நால்வரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்.

குறி தேவைப்படுவது தேர்ந்தெடுக்கும்வரைதான். பந்தை உருட்ட முடுக்கமானியே போதும். ஆகவே ஆட்டம் தொடங்கியதும் தாம்பாளத்தைத் தூக்கி வாசலில் மற்ற விளக்குகளோடு வைத்துவிட்டு வந்தேன். கை வீசும் இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. கீழ்வீட்டு ஆன்ட்டிக்குச் சத்தம் கேட்காதபடி இரண்டு பாய்களையும் விரித்தோம். அத்தை 148 எடுத்தார், என்னுடையது 121.

6 டிசம்பர், சனி

பயன்படுத்திய சென்சார் பார் ஒன்று ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. இனி விளக்கு வேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்கும்முன் அந்தக் கேள்வி திரையில் வந்ததும், மகள் வழக்கம்போல் பாட்டிக்காக இடக்கையைத் தேர்ந்தெடுக்கப் போனாள். அத்தை கையை நீட்டி ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

“அதை நானே அமுக்குறேன், குடு.”