ஒரு ஃபேன்சப் குழுவின் வேலைப் பங்கீடு: 2010 வசந்தப் பருவ நாட்குறிப்பு

மார்ச் 28, 2010, ஞாயிறு

ஜப்பானிய அனிமே தொடர்களுக்கு ரசிகர்களே சம்பளமில்லாமல் ஆங்கில சப்டைட்டில் போடும் ஃபேன்சப் குழு எங்களுடையது; அதில் வேலைகளை ஒருங்கிணைப்பவள் நான். ஏப்ரல் பருவத்திற்கு ஒரே ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்வதென்று நேற்றிரவு எங்கள் ஐஆர்சி (இணைய அரட்டை) அறையில் முடிவாயிற்று. தொடருக்குப் பன்னிரண்டு அத்தியாயங்கள். வியாழக்கிழமைதோறும் 25:40-க்கு ஒளிபரப்பு. ஜப்பானியத் தொலைக்காட்சி அட்டவணைகளில் நள்ளிரவைத் தாண்டிய நிகழ்ச்சிகளை முந்தைய நாளின் கணக்கிலேயே எழுதுவது வழக்கம் என்பதால், 25:40 என்பது அங்கே வெள்ளி அதிகாலை 1:40, நமக்கு வியாழன் இரவு 10:10.

ஐரோப்பாவில் இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். வட அமெரிக்காவில் அது 14-ஆம் தேதியே நடந்துவிட்டது. ஜப்பான், இந்தியா, மலேசியா மூன்றிலும் அந்த வழக்கமே இல்லை. ஆகவே சென்ற பருவத்து நேரப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒளிபரப்பு முடியும்போது டொரண்டோவில் வியாழன் பிற்பகல். எங்கள் மொழிபெயர்ப்பாளர் வகுப்பு முடிந்து வீடு திரும்ப மாலை ஆறு மணி ஆகும். அவர் நள்ளிரவு வரை உட்கார்ந்து முடித்தால், கோப்பு, வரிகளுக்கு நேரம் பொருத்தும் கோலாலம்பூர் டைமரின் பெட்டிக்கு வெள்ளி நண்பகலில் போய்ச் சேரும். அவர் அலுவலகம் விட்டு வந்து இரவில் நேரம் பொருத்தினால், அப்போது வார்சாவில், திரையில் தெரியும் பலகை எழுத்துகளை ஆங்கிலத்தில் அமைக்கும் டைப்செட்டருக்கு வெள்ளி மாலை தொடங்கியிருக்கும், ஹாம்பர்கில் இருந்து காணொளிக் கோப்பை ஆக்கித் தரும் என்கோடருக்கும் அதே நேரம். இந்த வரிசையில் ஒருவர் ஒரு மாலையைத் தவறவிட்டால் அடுத்தவர் இழப்பது ஒரு மணி நேரம் அன்று, ஒரு முழு நாள். இதை எல்லோரும் பார்க்கும்படி ஒரு விரிதாளில் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 4, 2010, ஞாயிறு

வாரத்திற்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று யாரிடமும் நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் ஆர்வத்தில் பத்து என்பார்கள், மனமாரத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்து மணி நேரம் வாரத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. எந்தக் கிழமை, எந்த வேளை, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டால் உண்மையான பதில் வந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் கோலாலம்பூர் டைமர் தமிழ்ப் பையன். என்னிடம் மட்டும் தமிழில் எழுதுவார். “அக்கா, மாசக் கடைசியில எனக்கு ஓ.டி. இருக்கும். அந்த வெள்ளிக்கிழமைங்கள்ல முடியாது, சனிக்கிழமை காலையில கண்டிப்பா தந்துடுவேன்” என்றார். ஒருங்கிணைப்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அந்த வாரங்களுக்கு மாற்று டைமர் ஒருவரை இப்போதே பேசி வைத்துவிட்டேன்.

உரிமம் பற்றியும் இன்றே பேசி முடித்தோம். 2004 டிசம்பரில் ஜப்பானின் மீடியா ஃபாக்டரி நிறுவனம் தன் படைப்புகளை விநியோகிக்க வேண்டாமென்று வழக்கறிஞர் வழியாக ஃபேன்சப் குழுக்களுக்குக் கடிதம் அனுப்பியது. சென்ற ஆண்டு முதல் கிரஞ்சிரோல் இணையதளம் முறைப்படி உரிமம் பெற்று, ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே ஆங்கில சப்டைட்டிலோடு தொடர்களைத் தருகிறது. நாங்கள் செய்வது உரிமையாளரின் அனுமதி இல்லாத வேலை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வேறு வழியில் ஆங்கிலத்தில் பார்க்கவே முடியாத தொடருக்கு மட்டும் செய்வது, உரிமம் அறிவிக்கப்பட்ட அன்றே நிறுத்துவது என்ற பழைய வழக்கத்தை நாங்களும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் இதற்குத் தனித்தனியே ஒப்புதல் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பாதி வழியில் இந்த விவாதம் வந்தால் குழு இரண்டாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, 2010, ஞாயிறு

முதல் அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பும் நேரப் பொருத்தமும் திட்டப்படியே முடிந்து, நேற்று டைப்செட்டரின் முறை வந்தது. நேற்றுக் காலை போலந்துக் குடியரசுத் தலைவர் சென்ற விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே விழுந்து, அதில் இருந்த 96 பேரும் இறந்துவிட்டார்கள். நாடு முழுவதும் துக்கம். டைப்செட்டர் ஐஆர்சியில் வந்து, இந்த வாரம் தன்னால் எதுவும் இயலாது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

எப்போது திரும்புவீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கக் கூடாது என்றும் அறையில் சொல்லிவிட்டேன். விரிதாளில் அவர் பெயருக்கு நேரே இருந்த வேலையை எடுத்து நானே வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் தன்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒருவர் மேல் பாரமாக இறங்கக் கூடாது. அந்த எண்ணத்தை நீக்க ஆறுதல் சொன்னால் மட்டும் போதாது, வேலையே அவர் பெயரிலிருந்து நீங்க வேண்டும்.

திரையில் தெரியும் கடைப் பலகைகள், கைப்பேசிக் குறுஞ்செய்திகள், கரும்பலகை எழுத்துகள் ஆகியவற்றின் பொருளை, படத்தோடு இழைத்து அமைக்காமல், திரையின் மேல்நடுவில் எளிய வரிகளாகப் போடச் சொன்னேன். சப்டைட்டில் கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் ஏஎன்8 என்ற குறியைச் சேர்த்தால் அது மேலே போய் நின்றுகொள்ளும். டைமர் சிறிது நேரத்திலேயே முடித்துத் தந்தார். இன்று மாலை அத்தியாயம் வெளியாயிற்று. அழகு குறைவுதான், ஆனால் பார்ப்பவருக்குப் பொருள் எதுவும் விட்டுப்போகவில்லை. முழுத் தொடரையும் தொகுத்து வெளியிடும்போது டைப்செட்டர் விரும்பினால் சீர்செய்யலாம்.

ஏப்ரல் 20, 2010, செவ்வாய்

டைப்செட்டர் நேற்றுத் திரும்பிவிட்டார். அவர் இல்லாத நாள்களில் வேலைகளின் வரிசையையே மறுபடி யோசிக்க நேர்ந்தது.

இதுவரை எங்கள் பழக்கம் இதுதான்: மொழிபெயர்ப்பாளர் அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசி வரை முடிப்பார், 300-க்கு மேற்பட்ட வசன வரிகளுக்கு நடுவே பலகை எழுத்துகளும் வந்த இடத்தில் வந்தபடி கலந்து கிடக்கும், அந்தக் கோப்பு முழுமையாகக் கைக்கு வந்த பிறகே டைப்செட்டர் தொடங்க முடியும். உண்மையில் அவருக்கு வசனம் ஒன்றுகூடத் தேவையில்லை. எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி, எந்தப் பலகை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற பட்டியல் மட்டும் போதும். ஆகவே இரண்டாம் அத்தியாயத்திற்கு மொழிபெயர்ப்பாளர் முதலில் படத்தை ஓட்டிப் பார்த்துப் பலகைகளை மட்டும் முக்கால் மணி நேரத்தில் எழுதி அனுப்பினார். அதன் பிறகுதான் வசனத்தைத் தொட்டார். அந்த ஒரு மாற்றத்தில் டைப்செட்டருக்கு ஒரு நாள் முழுதாகக் கிடைத்திருக்கிறது.

அந்த ஒரு நாளின் மதிப்பு, அவர் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் வகுப்பறைக் கரும்பலகையின் மேல் கேமரா மெல்ல நகர்ந்து போகும் காட்சி நான்கு நொடி வருகிறது. நொடிக்கு ஏறக்குறைய 24 சட்டகங்கள். ஆங்கில எழுத்தும் பலகையோடு சேர்ந்தே நகர வேண்டும், சுண்ணக்கட்டித் தூசு படிந்த தோற்றம் வேண்டும், நடுவே ஒரு மாணவியின் தலை கடந்து போகும்போது எழுத்து அவள் தலைக்குப் பின்னால் மறைய வேண்டும். தலையின் விளிம்பை ஒவ்வொரு சட்டகத்திலும் வரைந்து வெட்டிக் கொடுத்திருந்தார். ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால், நான்கு நொடிக்காக நூறு வரிகளுக்குச் சற்றுக் குறைவாக அடுக்கடுக்காக நிற்கின்றன. பார்ப்பவர் அங்கே சப்டைட்டில் ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார். அவருக்கும் அதுதான் வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி செய்துகொண்டோம். வசனக் கோப்பு வேறு, பலகைக் கோப்பு வேறு. இரண்டும் சரிபார்ப்புக்கு முன்னால்தான் ஒன்றுசேரும். வசனக் கோப்பு எந்த நேரத்திலும் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும். யார் கையில் என்பது விரிதாளின் முதல் நெடுவரிசையில் தெரியும். இரண்டாவது நெடுவரிசையில், அவருக்காக அடுத்துக் காத்திருப்பவரின் பெயர். கெடு தேதிக்கான நெடுவரிசையை எடுத்துவிட்டேன். சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர்களுக்குத் தேதி ஒரு மிரட்டலாகத்தான் தெரிகிறது. காத்திருப்பவரின் பெயரைப் பார்த்தால் ஒரு மனிதர் தெரிகிறார்.

மே 3, 2010, திங்கள்

டைப்செட்டருக்கு இந்த வாரம் பள்ளி இறுதித் தேர்வு தொடங்குகிறது. மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். மே முழுவதும் பலகைகளை மாற்று ஆள் பார்த்துக்கொள்கிறார். டொரண்டோவில் தேர்வுகள் முடிந்துவிட்டன.

மே 16, 2010, ஞாயிறு

ஆறாம் அத்தியாயத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் எடிட்டருக்கும் கசப்பு முற்றிவிட்டது. எடிட்டர் வரிகளை ஆங்கிலத்தில் இயல்பாக ஓட வைப்பவர், நன்றாகவே செய்வார். ஆனால் எதை மாற்றினார் என்பது வெளியான பிறகுதான் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிகிறது, அதற்குள் பின்னால் வரப்போகும் ஒரு திருப்பத்திற்கான குறிப்பு கரைந்துபோயிருக்கிறது. இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து, இனி மற்றவரோடு சேர்ந்து வேலை செய்ய இயலாது என்றார்கள்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது ஒருங்கிணைப்பவரின் வேலை என்று நான் கருதவில்லை. இருவரும் தங்கள் தங்கள் வேலையை உயிராக நினைப்பதால் வந்த சண்டை இது. அந்தப் பிடிப்பு இல்லாதவர்களாக இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. கெட்டுப்போனது கோப்பு கைமாறும் முறைதான். நாங்கள் பயன்படுத்தும் ஏஎஸ்எஸ் வகை சப்டைட்டில் கோப்பில் ஒரு வரியைத் திரையில் தோன்றாத குறிப்பு வரியாக மாற்றி வைக்கும் வசதி இருக்கிறது. பொருள் மாறக்கூடிய எந்த மாற்றத்திலும், எடிட்டர் பழைய வரியை அப்படிக் குறிப்பாக மேலே விட்டுவிட்டு, கீழே புதியதை எழுத வேண்டும். கோப்பு சரிபார்ப்புக்குப் போகும் முன் ஒரு முறை மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். இதனால் ஒரு மாலை கூடுதலாகிறது. அதைப் பற்றி வேறு சிலர் முணுமுணுத்தார்கள். வேகத்திற்காக மற்றக் குழுக்களோடு போட்டியிடும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒரு மாலைக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை இழந்த குழு, அடுத்தவர் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் நின்றுவிடும். ஜப்பானிய மொழியைக் காதால் கேட்டே பிடிக்கக்கூடியவர்கள் அவ்வளவு அரிது.

இன்று இருவரும் அறையில் ஒரே நேரத்தில் இருந்தார்கள். ஏழாம் அத்தியாயத்தை இருவருமே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 13, 2010, ஞாயிறு

உலகக் கோப்பைக் கால்பந்து தென்னாப்பிரிக்காவில் தொடங்கிவிட்டது. ஹாம்பர்க் என்கோடர் முன்கூட்டியே ஆட்ட அட்டவணையை அனுப்பிவிட்டார். வரும் வெள்ளி, 18-ஆம் தேதி, ஜெர்மனிக்கும் செர்பியாவுக்கும் ஆட்டம். பதினோராம் அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு மறுநாள். ஒளிபரப்புப் பதிவு வந்ததும் மற்றவர்கள் வேலை செய்வதற்கான சிறிய, தரம் குறைந்த காணொளியை ஆக்கிவிட்டுத்தான் ஆட்டத்திற்கு உட்காருவேன், இறுதி என்கோடைச் சனிக்கிழமை தொடுவேன் என்கிறார். அந்தச் சிறிய காணொளி வந்துவிட்டால் போதும்; அவரை நம்பி நிற்பவர்கள் யாரும் வெள்ளியன்று சும்மா உட்கார வேண்டியதில்லை.

கோலாலம்பூர் டைமர் இப்போது மிகவும் தேறிவிட்டார். காட்சி வெட்டும் இடத்தில் சப்டைட்டில் ஒரு சட்டகம் பிந்தி மறைந்தால், அதாவது ஏறக்குறைய 42 மில்லிநொடி நீண்டுவிட்டால், திரையில் ஒரு மினுக்கு தெரியும். முதல் வாரங்களில் சரிபார்ப்பவர்கள் அவற்றைப் பட்டியலிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பத்தாம் அத்தியாயத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. பட்டியலைத் திருப்பி அனுப்பிய மூத்த சரிபார்ப்பாளர், குறை எழுதும் இடத்தில் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார். அதை அப்படியே டைமருக்கு அனுப்பினேன். பாராட்டு உரியவர் கையில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. குறைகள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜூன் 22, 2010, செவ்வாய்

தொடருக்கு வட அமெரிக்க உரிமம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

அறிவிப்பைப் படித்தவுடன் அறையில் எதையும் எழுதாமல், முதலில் டைப்செட்டருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். முதல் அத்தியாயத்தின் பலகைகளைத் தொகுப்பு வெளியீட்டிற்காக மறுபடி அமைக்க இன்றிரவு தொடங்குவதாகச் சொல்லியிருந்தார். வீணாகப் போகும் வேலையில் ஒருவர் ஓர் இரவைக் கழிப்பதற்கு முன் அவருக்குத் தகவல் எட்ட வேண்டும்; மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. கடைசி அத்தியாயத்திற்காக ஓர் இரவை ஒதுக்கி, விடுப்பும் எடுத்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு அடுத்துச் சொன்னேன்.

ஒரே ஒரு அத்தியாயம்தானே, முடித்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதினார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. பதினொன்றைச் செய்துவிட்டுப் பன்னிரண்டாவதை விட்டுவிடுவது எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஏப்ரலில் ஒவ்வொருவரும் எழுதித் தந்த ஒப்புதல் அறையின் பதிவிலேயே இருக்கிறது. அதை ஒட்டிக் காட்டினேன். விவாதம் அரை மணி நேரத்திற்கு மேல் நீளவில்லை. வெளியீட்டுப் பக்கத்திலிருந்து பதினொன்றையும் இரவுக்குள் எடுத்துவிட்டோம்.

ஜூன் 27, 2010, ஞாயிறு

ஜூலைப் பருவத்தில் புதிய தொடர் எதுவும் வேண்டாம் என்பது என் யோசனை. டிவிடியில் மட்டும் கிடைக்கும், ஆங்கிலத்தில் யாரும் இதுவரை தொடாத பழைய தொடர் ஒன்று எங்கள் பட்டியலில் நெடுநாளாக இருக்கிறது. வியாழக்கிழமை இரவு என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஏழு பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எடிட்டர் ஆகஸ்டு வரை ஓய்வு கேட்டிருக்கிறார், கொடுத்தாயிற்று. மொழிபெயர்ப்பாளர் முதல் அத்தியாயத்தின் பலகைப் பட்டியலை இன்று காலை அனுப்பியிருக்கிறார். விரிதாளின் முதல் நெடுவரிசையில் இப்போது வார்சா டைப்செட்டரின் பெயர். அதற்கு நேரே இரண்டாவது நெடுவரிசை இன்னும் காலி.