கடலுக்குப் போகும் தண்ணீர்

மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிடப்படும் நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான் நடக்கும். "இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலக்கிறதே!" (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) நாளிதழின் தலைப்பும் அதையே சொல்லும். டீக்கடையிலும் அதே வருத்தம். நான் கடைமடை விவசாயியின் மகள். தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்து அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்த ஆனி மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதனால் நானும் இருபது ஆண்டுகளாக வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதை மாற்றியவர் என் தாய்மாமா. திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டைக்குத் தெற்கே, ஜாம்பவானோடைப் பக்கம் இருக்கிறார். பாதி நாள் வலை, பாதி நாள் மண்வெட்டி. வனத்துறைக்காக, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் வாய்க்கால் வெட்டப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. விடிந்தபோது மாமா வீட்டு ஓடுகள் தெருவில் கிடந்தன. அவருடைய தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தன. சில நாள் கழித்துப் படகில் போய்ப் பார்த்தபோது, அலையாத்திக் காடு தீப்பட்டதுபோல் நின்றது. ஓர் இலை இல்லை. கோடியக்கரையில் மான்களும் பறவைகளும் செத்துக் கிடந்த செய்தி வந்துகொண்டே இருந்தது. அழுவதைவிட ஏதாவது செய்வது மேல் என்று தோன்றியது. அடுத்த ஆண்டு புரட்டாசியில் ஒரு தொண்டு அமைப்பு கன்றுகள் கொண்டுவந்தபோது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஊர் எல்லையில் இருந்த வெற்று உவர்த்திட்டில் நட்டோம். படம் எடுத்தார்கள், பழச்சாறு கொடுத்தார்கள், போனார்கள். பங்குனியில் நான் போய்ப் பார்த்தபோது திட்டு முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. கன்றுகள் குச்சிகளாக நின்றன. பிழைத்திருந்த ஏழெட்டும் ஓரமாக, பழைய மீன் வாய்க்கால் ஒன்றின் விளிம்பில் இருந்தவை.

மாமாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வர வேண்டும், இறங்கும்போது வெளியே போக வேண்டும். வந்த தண்ணீர் போக வழியில்லாத இடத்தில் எதை நட்டாலும் அது உப்பில் ஊறிய ஊறுகாய்தான் பாப்பா" என்றார்.

அன்றிலிருந்துதான் அந்தக் காட்டின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சதுப்பும், கடலோடு இணைந்த உப்பங்கழியான காயலும், திட்டும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 ஹெக்டேர். தஞ்சை மராட்டியர்களின் சத்திரங்களை நடத்த இந்தக் காட்டின் வருமானம் பயன்பட்ட காலம் உண்டு. பின்னர் ஆங்கிலேய ஆட்சியில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொட்டையாக வெட்டி, சில ஆண்டு கழித்து அடுத்ததை வெட்டும் முறை வந்தது. மரம் மறுபடி முளைத்துவிடும் என்பது கணக்கு. விடுதலைக்குப் பிறகும், 1970-கள் வரை, அது தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் மண் வெயிலைப் பார்த்தது. மண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, நிலம் சுருங்கி, நடுவில் தொட்டிபோலத் தாழ்ந்தது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் வேளையில், ஏறிய கடல்நீர் அந்தத் தொட்டியில் தேங்கியது, வெயிலில் வற்றியது, உப்பு மட்டும் மிஞ்சியது. அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. சில ஆண்டுகளில் அங்கே உவர்நிலச் செடியான உமரிகூட முளைக்கவில்லை. ஆடு மேய்ந்ததாலும் ஊர் மக்கள் விறகு வெட்டியதாலும் காடு அழிந்தது என்று நெடுங்காலம் பழி சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆராய்ந்த பிறகுதான் இந்தத் தொட்டிக் கதை வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் மீதான அந்தப் பழி துடைக்கப்பட்டதில் எனக்குத் தனி நிறைவு உண்டு.

மருந்தும் நோயிலிருந்தே பிறந்தது. தேங்கியதால் செத்த இடத்தில் தண்ணீரை நடக்க விட வேண்டும். காயலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஒரு தாய் வாய்க்கால். அதன் இரு புறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப்போலவே இருக்கும். ஓதம் ஏறும்போது நீர் ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் போய், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பும். வாய்க்காலின் சரிந்த கரையில், நீர் பாதி நேரம் தொடும் உயரத்தில், விதையை ஊன்றுவார்கள். உயரம் ஒரு சாண் தவறினாலும் போச்சு: மேலே போனால் காய்ந்துவிடும், கீழே போனால் மூழ்கிவிடும். இதைச் சொல்லும்போது மாமா கைவிரலால் தன் முழங்காலில் கோடு போட்டுக் காட்டுவார்.

அவர் தலைமுறைக்கு இது புதிதில்லை. காயலிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு உள்ளே வரும் மடவை மீனையும் இறாலையும் பிடிப்பது முத்துப்பேட்டைப் பக்கத்தின் பழைய தொழில். அந்த வாய்க்கால்களின் ஓரங்களில் அலையாத்தி தானாகவே முளைத்து நிற்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் கன்றுகளில் பிழைத்த ஏழெட்டும் ஏன் அந்த ஓரத்தில் இருந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கஜாவுக்குப் பிறகும் வாய்க்கால் ஓரத்து மரங்களில்தான் முதலில் துளிர் கண்டோம். ஆனால் வெட்டியதோடு வேலை முடியாது. சில ஆண்டுகளில் வாய்க்கால் தூர்ந்துவிடும்; மறுபடி சேறு அள்ள வேண்டும். மரம் நடப் பணம் கொடுப்பவர்கள் சேறு அள்ளப் பணம் கொடுக்க முன்வருவதில்லை. சேற்றில் இறங்கியவனுக்கு யாரும் படம் எடுப்பதில்லை.

இனி நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

வாய்க்கால் கடல்நீரைக் கொண்டுவரும். நல்ல தண்ணீரை யார் கொண்டுவருவது? பிச்சாவரத்துக்குப் போனவர்கள் சுரபுன்னை வேரூன்றி வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கண்டல் எனப்படும் அலையாத்திக் காட்டு மரங்களில் பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முத்துப்பேட்டையில் பெரும்பாலும் ஒரே மரம், வெண்கண்டல். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிப் பிழைக்கும் மரம் அது. மற்றவற்றால் அவ்வளவு உப்பைத் தாங்க முடியவில்லை. ஒரு காட்டில் ஒரே மரம் மட்டும் நிற்கிறது என்றால் அது ஏதோ ஒரு பற்றாக்குறையைச் சொல்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். இங்கே குறைவது ஆற்று நீர்.

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் நீர்ப்பிரிப்பு அணையில், காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இரண்டும் கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் காயல். கொள்ளிடத்தில் லட்சக் கணக்கான கன அடி ஓடும் நாளிலும் அந்த வெள்ளம் எங்கள் பக்கம் வராது. எங்களுக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல்களின் வடிகால் தண்ணீர். தை பிறந்ததும் அதுவும் நின்றுவிடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போனதை எல்லோரும் எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் காயலுக்கு என்ன வந்திருக்கும் என்று எவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

ஆறு தள்ளாவிட்டால் கடல் தள்ளும். முகத்துவாரத்தில் மணல் மூடுகிறது. உப்புநீர் ஆற்றின் வழியே மேலே ஏறுகிறது. கடல் மட்டமும் உயர்ந்துவருகிறது; அணைகளில் வண்டல் தங்கிவிடுவதால் டெல்டாவுக்குப் புது மண்ணும் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணறு நான் சிறுமியாக இருந்தபோது குடிக்க உதவியது, இன்று பாத்திரம் கழுவத்தான் உதவுகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு ஓதத்தோடு காயலுக்கு வந்து, உப்புக் குறைந்த நீரில் அலையாத்தி வேர்களுக்கிடையே வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகிறது. காயல் கடலைவிட அதிகமாக உப்பேறினால் அந்தப் பயணம் தடைப்படும். மாமாவின் வலை அதைக் காட்டிவிடும்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பை நான் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். பங்கிட இருப்பது மொத்தம் 740 டி.எம்.சி. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போவதாக 4. உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழகத்தின் பங்கான 419-ஐ 404.25 ஆகக் குறைத்தபோதும் இந்த இரண்டு எண்களும் அப்படியே நின்றன. தமிழகத்துக்குக் குறைந்ததற்காக நாம் போராடினோம், போராட வேண்டியதுதான். ஆனால் ஒரு நதி தன் கடலைச் சேர்வதைத் "தப்பிப் போவது" என்று எழுதியிருக்கிறார்களே, அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அது கைதியா, தப்பிப் போக?

அப்பா இருந்திருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார். வயலுக்கே இல்லாதபோது காட்டுக்கு எங்கே கொடுப்பது என்பார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவரும் ஒரு பதில் வைத்திருந்தார். உப்பேறிய தாழ்ந்த வயலில் அவர் குழியடிச்சான் விதைத்தார். உவரைத் தாங்கும் பழைய நெல் அது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, சொன்னபடியே மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தார். நூற்றி எழுபதுக்கு மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்ட அந்த மனிதர், கஜா அடித்து மூன்று வாரத்தில், 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். அன்று எங்கள் ஊரில் மின்சாரம்கூடத் திரும்பவில்லை. அப்பா குழியடிச்சான் நெல் இருந்த குதிரில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

நான் கேட்பது சிறியது. கடைமடைக் கதவணைகள் உப்புநீரைத் தடுக்கத் தேவை, அதை மறுக்கவில்லை. மேலே மழை பெய்து வாய்க்கால்கள் நிறைந்திருக்கும் நாட்களில், கணக்கு வைத்து, கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் ஒரு பங்கைக் காயலுக்கு என்றே திறந்துவிடுங்கள். தை, மாசியிலும் ஓரிரு முறை. வீணானது என்று குறிக்காமல் காட்டுக்குக் கொடுத்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள்.

கையில் சான்று இல்லாமல் பேசக் கூடாது என்பதால் பிள்ளைகளோடு ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். மூடிவிட்ட இறால் பண்ணை ஒன்றிலிருந்து பழைய உப்புமானி ஒன்றை வாங்கினேன். மாதம் ஒருமுறை மாமாவின் படகில் போய் மூன்று இடங்களில் நீரெடுத்து அளக்கிறோம். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. வைகாசியில் காயல் அதைத் தாண்டி நின்றது. போன கார்த்திகையில் போனபோது கோரையாறு பழுப்பாக, வைக்கோல் துரும்பு மிதக்க இறங்கிக்கொண்டிருந்தது. அவரை விதைபோல அலையாத்தி விதைகள் படகைச் சுற்றிச் சென்றன. நான் கருவியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பதற்குள் மாமா கையை நீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

"நல்ல தண்ணீர் வந்துவிட்டது, பாதிதான் உப்பு" என்றார்.

கருவி பாதிக்கும் சற்றுக் கீழே காட்டியது. தை அளவை எடுத்ததும் இங்கே எழுதுகிறேன்.