இன்னும் 200 பக்கம்

ஹட்டனில் மூன்று நாளாக மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்க, ‘வீல் ஆஃப் டைம்’ என்ற ஆங்கில ஃபேன்டஸி நாவல் தொடரின் கடைசிப் பாகத்தைக் கையில் எடுத்துவிட்டேன். 1990இல் தொடங்கி 2013இல் முடிந்த தொடர், மொத்தம் 14 பாகம். எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமாகிவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன்தான் கடைசி 3 பாகங்களையும் முடித்தார்.

நடுவில் கதை ஊர்ந்துதான் போகும், மறைக்க மாட்டேன். பத்தாவதிலேயே நான் கைவிட்டிருப்பேன், மச்சான் விடவில்லை. கண்டியிலிருந்து பஸ்ஸில் புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, “எத்தனாம் பக்கம்டா?” என்று தினமும் கேட்பான்.

கதையில் வரும் நைனீவ் என்ற பெண் கோபத்தில் தன் சடையைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் எங்கள் லயத்துப் பெரியம்மா ஞாபகம்தான் (அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்).

முடிவை யாராவது கமெண்டில் சொன்னால் பிளாக்தான், சரியா? பிளேன்டீ வேறு ஆறிவிட்டது.