தைலம் விற்ற பெரியப்பா

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் கதைகளில், எல்லாரும் புத்திசாலி வேலைக்காரர் ஜீவ்ஸைக் கொண்டாடுகிறார்கள். சரி, கொண்டாடட்டும். எனக்குப் பிடித்தவர் மார்ட்டிமர் லிட்டில். 1923-இல் வந்த 'தி இனிமிட்டபிள் ஜீவ்ஸ்' புத்தகத்தில் வரும், ஜீவ்ஸின் எஜமானுடைய நண்பன் பிங்கோவின் பணக்கார அங்கிள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம், தமிழில் முடியாதே! குடும்பப் பெயர் ஒன்றுதான், ஆக அப்பா வழி. வாதநோயும் தொந்தியுமாகப் பார்த்தால் எனக்குப் பெரியப்பாவாகத்தான் தெரிகிறார்.

காலில் தேய்க்கிற தைலம் விற்றுச் சம்பாதித்த மனுஷன். பிங்கோவுக்குப் படியளப்பவர். படியைக் கூட்டிக் கேட்க வேண்டும், அதுவும் அவன் ஓட்டல் பணிப்பெண்ணைக் காதலிக்கிற நேரத்தில். ஜீவ்ஸ் யோசனைப்படி, ஏழைப் பெண்ணைப் பணக்காரன் மணக்கிற நாவல்களாக வாசித்துக்காட்டி அவர் மனசை இளக்குகிறார்கள். இளகியது. அப்புறம்? தன் சமையல்காரியையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு, படியைக் கூட்ட மறுத்துவிடுகிறார்!

பின்னால் பிட்டில்ஷாம் பிரபு ஆகி, பந்தயக் குதிரையெல்லாம் வாங்குகிறார். ஹைட் பார்க்கில் ஒட்டுத்தாடியோடு புரட்சி பேசும் பிங்கோ, கூட்டத்தில் நிற்கும் இவரையே கைகாட்டித் திட்டுகிறான். அவரிடம் காசு வாங்கிய கை அது.