நடுவில் வெட்டாத பஞ்சாயத்து

ஓசூர் கம்பெனிகளில் சம்பள ஒப்பந்தம் எப்படி முடியும் என்று இங்கே டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரியும். யூனியன் பன்னிரண்டாயிரம் கேட்கும், நிர்வாகம் மூவாயிரத்தில் நிற்கும், கடைசியில் ஏழரைக்கோ எட்டுக்கோ ஒப்பந்தம் கையெழுத்தாகும். எப்படியும் நடுவில்தான் வெட்டப் போகிறார்கள் என்பதால் முதல் எண்ணை இரு தரப்பும் ஊதித்தான் சொல்லும்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அந்த ஊதலுக்கு வழியே இல்லை. வீரரின் சம்பளத் தகராறைத் தீர்க்க, முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் 1973இல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த முறை இது. முதல் விசாரணைகள் 1974இல் நடந்தன. வீரர் ஒரு எண் தருவார், கிளப் ஒரு எண் தரும். சம்பள வழக்கை விசாரிக்கும் மூன்று நடுவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இடையில் எதையும் எழுத அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு கிடைக்காது. மூன்று வருட சர்வீஸ் (மேஜர் லீக் அணியில் இருந்த காலம்) முடித்து, ஆறு வருடம் எட்டாதவர்களுக்குத்தான். அதற்கு முன் கிளப் கொடுப்பதுதான் சம்பளம், பெரும்பாலும் குறைந்தபட்சத்தை ஒட்டியே (2024இல் அது 7.4 லட்சம் டாலர்). ஆறு முடிந்தால் யாரோடு வேண்டுமானாலும் ஒப்பந்தம் போடலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பவர்களில், முந்தைய சீசனில் 86 நாளாவது சேர்த்தவர்களை எடுத்து, அவர்களில் சர்வீஸ் அதிகமுள்ள 22 சதவீதத்தினரையும் உள்ளே விடுவார்கள். இவர்களுக்கு ‘சூப்பர் டூ’ என்று பெயர்.

இந்த நாள் கணக்கில்தான் கிளப்புகள் விளையாடும். 172 நாள் சேர்ந்தால் ஒரு வருட சர்வீஸ். 2015இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்தே கீழ்நிலை லீக்கிலிருந்து மேலே கூப்பிட்டது. அந்த வருடம் அவர் கணக்கில் ஏறியது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அந்த வருடம் முழு வருடமாகக் கணக்கில் சேரவில்லை! அவர் புகார் கொடுத்தார், 2020இல் தோற்றார்.

ஜனவரி நடுவில் இரு தரப்பும் எண்ணைக் கொடுக்க வேண்டும். வீரர் 60 லட்சம், கிளப் 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 55 லட்சம். நடுவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் 55க்கு ஒரு டாலராவது மேலே பெறுவாரா, கீழேயா? மேலே என்றால் முழு 60, கீழே என்றால் 50. பேராசைப்பட்டு 70 எழுதினால் நடுப்புள்ளி 60க்கு ஏறிவிடும். 58 மதிப்புள்ள ஆள் அப்போது 50 வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மாங்காய் மண்டியில் சொல்லும் விலை வேறு, படியும் விலை வேறு. இங்கே சொல்வதுதான் படியும்.

விசாரணையில் ஒவ்வொரு தரப்புக்கும் வாதத்துக்கு ஒரு மணி நேரம், மறுப்புக்கு அரை மணி. ஏறக்குறைய ஒரு நாளில் முடிவு வந்துவிடும். காரணம் எழுத மாட்டார்கள். கடந்த சீசன் ஆட்டம், மொத்த கெரியர், பழைய சம்பளம், உடற்குறை, அணியின் நிலை, அதே சர்வீஸ் உள்ள மற்ற வீரர்களின் சம்பளம் எல்லாம் பேசலாம். கனம் இந்தக் கடைசியில்தான். ‘இவர் யாருக்குச் சமம்’ என்பதை நிறுவுகிற ஏஜென்ட் பாதி ஜெயித்த மாதிரி. கிளப்பின் பணவசதி, முன்பு பேசிய ஆஃபர், பத்திரிகைப் பாராட்டு, மற்ற விளையாட்டுகளின் சம்பளம் எதையும் வாயில் எடுக்கக்கூடாது.

இதில் ஒரு அசிங்கமும் உண்டு. கிளப் ஜெயிக்க வேண்டுமானால் தன் வீரர் எங்கெங்கே குறை என்று அவர் முன்னாலேயே அடுக்க வேண்டும். 2023இல் மில்வாக்கி அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கார்பின் பர்ன்ஸ் 1.075 கோடி டாலர் கேட்டார், கிளப் 1.001 கோடி என்றது. கிளப் ஜெயித்தது. 7.4 லட்சத்துக்காக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஆளின் மனதைக் கெடுத்துக்கொண்டார்கள்; உறவு பாதிக்கப்பட்டதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அவர் பால்டிமோரில் இருந்தார். என்னைக் கேட்டால் அது மட்டமான கணக்கு.

பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசி முடிந்துவிடும். அப்படி முடித்தால், 2022 ஒப்பந்தத்தின்படி அந்தச் சம்பளம் உத்தரவாதம். விசாரணைக்குப் போய் வாங்கியதற்கு அது இல்லை. இதைக் கவனிக்காதவர்கள் ஜே. டி. டேவிஸைப் பார்க்க வேண்டும். 2024இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஜெயித்து 69 லட்சம் டாலர் வாங்கினார். மார்ச்சில் அதே இடத்துக்கு மேட் சாப்மனை எடுத்த கிளப், சீசன் தொடங்கும் முன்பே டேவிஸைக் கழற்றிவிட்டது. கையில் கிடைத்தது 30 நாள் சம்பளம், சுமார் 11 லட்சம். பிறகு ஓக்லாண்டில் 25 லட்சத்துக்குச் சேர்ந்தார்.