டிரிகர் தகராறு செய்தால் முதலில் ஸ்டாக்கைக் கழற்றுங்கள்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் டிரிகர் சரியில்லை என்றதும் பலருடைய கை நேராக அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவுக்குப் போகிறது. அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த டிரிகரில் ஸ்க்ரூ தானாகத் திரும்பிக்கொள்வது அபூர்வம். அழுக்கு சேர்வது, பழைய எண்ணெய் பிசினாவது, ஸ்டாக் (ரைஃபிளின் மரக்கட்டை) உரசுவது, இவைதான் அடிக்கடி நடப்பவை.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மேகசினைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சில பழைய மாடல்களில் சேஃப்டியை எடுத்தால்தான் போல்ட் திறக்கும். சேஃப்டியை எடுக்கும்போதே சுட்டுவிடும் கோளாறு அந்த ரைஃபிளில் இருந்தால், தோட்டாவை வெளியே எடுக்கப் போகும் அந்த நொடியில்தான் வெடிக்கும். அதனால் காலி செய்யும்போதே முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கவனம் இருக்கட்டும்.

அடுத்து, காலி ரைஃபிளில் மூன்று சோதனைகள். போல்ட்டை வேகமாக, ஓங்கி அடித்து இருபது தடவை மூடுங்கள். ஒரு தடவைகூட ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடித்துச் சுடவைக்கும் ஊசிப் பகுதி) விழக்கூடாது. பிறகு காக் செய்து (ஸ்ட்ரைக்கரைச் சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து) சேஃப்டியைப் போட்டு, டிரிகரை அழுத்தி இழுத்து விடுங்கள். விரலை முழுதாக வெளியே எடுத்த பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போதும் விழக்கூடாது. மூன்றாவதாக, காக் செய்த நிலையில் ஸ்டாக்கின் பின்முனையை (பட்) ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். போல்ட் ஓடும் உலோக உடலான ரிசீவரின் இரு பக்கமும் அதேபோல. இதில் ஒன்றில் தவறினாலும், காரணம் தெரிந்து சரியாகும்வரை அந்த ரைஃபிளில் தோட்டா போகக்கூடாது. ‘எப்போதாவது ஒரு தடவைதான்’ என்பது இதில் சமாதானமே இல்லை.

இரண்டாவது சோதனையில் தவறுவது ஏன் என்று பார்ப்போம். ரெமிங்டன் 700 வகை டிரிகரில், ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் சியர் கீழே இறங்காமல் டிரிகரின் விளிம்பு தாங்கி நிற்கிறது. சேஃப்டி போட்டதும் அதன் கேம் சியரை மயிரிழை மேலே தூக்கும். அப்போது டிரிகர் சுதந்திரமாக ஆட வேண்டும், இழுத்துவிட்டாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். உள்ளே பிசின் இருந்தால், ரிட்டர்ன் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால், அல்லது கேம் போதுமான அளவு தூக்காவிட்டால், டிரிகர் சியரின் அடியில் திரும்பி வராது. சேஃப்டியை எடுத்ததும் சியரைத் தாங்க ஒன்றுமில்லை, ஸ்ட்ரைக்கர் பாய்ந்துவிடும்.

இப்போது ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஸ்டாக்கைப் பிரியுங்கள். ஸ்டாக் இல்லாமல் அதே மூன்று சோதனைகளையும் செய்யுங்கள் (ஸ்டாக்கின் பின்முனை இல்லாததால் ரிசீவரின் பின்புறம் லேசாகத் தட்டினால் போதும்). கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி ஸ்டாக்தான். டிரிகர் ஹவுசிங் மரத்தில் முட்டுகிறதா, சேஃப்டி லீவர் பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறதா, டிரிகர் நாக்கு, அதைச் சுற்றியுள்ள காப்பு வளையமான கார்டின் துளையில் தேய்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த இடம் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். ஈரம் குடித்து மரம் உப்பியிருந்தாலும், முன் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் இது வரும். உரசும் இடத்தில் மரத்தைத்தான் சுரண்ட வேண்டும், ஹவுசிங்கை அல்ல.

ஸ்டாக் இல்லாமலும் கோளாறு தொடர்ந்தால் சுத்தம் செய்யுங்கள். லைட்டரில் ஊற்றும் நாஃப்தா இதற்கு அருமை. மேலிருந்து ஊற்றி, டிரிகரை ஆட்டி, கீழே வடிவது தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். நெருப்பு அருகில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். முழுதாக உலர்ந்த பிறகு எண்ணெய் போடாதீர்கள். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். டபிள்யூடி-40 போன்றவற்றை டிரிகருக்குள் அடித்துவிட்டால், நாளாவட்டத்தில் அது அரக்குப் படலமாகி ஒட்டும். குளிரில் இன்னும் மோசம். மசகு வேண்டுமென்றால் உலர் மசகு, அதுவும் துளி.

இதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்க்ரூ. பழைய ரெமிங்டன் 700 டிரிகரில் பின்பக்கம் இருப்பது சியர் பிடிமானத்துக்கு, முன்பக்கம் மேலே இருப்பது ஓவர்டிராவலுக்கு (சியரை விட்ட பிறகும் டிரிகர் நகரும் தூரம்), கீழே இருப்பது இழுவை எடைக்கு (டிரிகரை இழுக்கத் தேவையான பலம்). பிடிமானம் குறைந்தால் போல்ட்டை மூடும்போதே ஸ்ட்ரைக்கர் கூடவே இறங்கும். அதிகமானால் டிரிகர் ஊர்ந்து ஊர்ந்து வரும். ஓவர்டிராவலை ஒரேயடியாக இறுக்கிவிடுவதும் ஆபத்து: டிரிகர் சியரை முழுதாக விடாமல் பாதியில் நிற்கும், சுடாமல் இருந்துவிட்டு லேசாகத் தட்டியதும் சுடும். எடை ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினால் டிரிகர் திரும்பி வரும் பலம் போய்விடும். வேட்டை ரைஃபிளுக்கு மூன்று பவுண்டுக்குக் கீழே இறக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் திருப்பம் திருப்புவதும் மூன்று சோதனைகளை மறுபடி செய்வதுமாகப் போக வேண்டும். முடிந்ததும் ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷ் ஒரு துளி வைத்தால் நகராது. வேறு மாடல்களில் ஸ்க்ரூக்களின் இடம் மாறும், மாடலுக்கான கையேட்டைப் பார்க்காமல் திருப்பாதீர்கள்.

சியர் முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கும் வேலையும் வேண்டாம். பல சியர்களில் கடினமான பகுதி மேல்தோல் அளவுதான். அது போனால் அடியில் மெது இரும்பு, விளிம்பு சீக்கிரம் உருண்டுவிடும். உருண்ட சியருக்கு மருந்து புது யூனிட்தான்.

ரெமிங்டன் எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யும் முன் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம்வரை தயாரானவற்றை, உள்ளே பிணைப்புப் பசை அதிகமாக இருந்து தானாகச் சுடக்கூடும் என்று 2014-இல் அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது.

டிரிகர் சுத்தமாக விழுகிறது, தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் பிரைமரில் மட்டும் லேசான குழி என்றால் டிரிகரை விட்டுவிடுங்கள். போல்ட்டைப் பிரித்து, ஃபயரிங் பின் ஸ்ப்ரிங்கைச் சுற்றியிருக்கும் கெட்டி கிரீஸைத் துடையுங்கள், ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள்.