சந்திரனில் கால் வைத்த நாள்

ஜூலை வந்தாலே "நாங்க டிவியில பார்த்தோம்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். 1969இல் இந்தியாவில் டிவி இருந்தது டெல்லியில் மட்டும்தான். சென்னைக்கே 1975இல்தான் வந்தது. காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு வாய்த்தது டீக்கடை வால்வு ரேடியோ. போட்டவுடன் பேசாது, சூடேற வேண்டும். முகப்பில் இருக்கும் பச்சைக் கண் மெல்லச் சுருங்கினால் ஸ்டேஷன் பிடிபட்டது என்று அர்த்தம்.

ஈகிள் என்ற இறங்குகலம் சந்திரனில் இறங்கியபோது நமக்கு நள்ளிரவு தாண்டி 1.47. ஊரே தூக்கம், சந்திரனும் அதற்குள் மறைந்தாயிற்று! ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது 21ஆம் தேதி, திங்கள் காலை 8.26க்கு. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். சிற்றலையில் இரைச்சல்தான் அதிகம், நடுநடுவே இங்கிலீஷ். வாத்தியார் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டோம். பெரியவர்களுக்கோ முந்தாநாள் இந்திரா காந்தி 14 பேங்குகளை அரசுடைமை ஆக்கியதுதான் பெரிய பேச்சு. செட்டிநாட்டுப் பக்கம் வேறெப்படி இருக்கும்?

அன்று சாயங்காலம் மேற்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவான பிறை. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். நம் கணக்கில் இரவு 11.24க்குத்தான் கிளம்பினார்கள். கூடப் போன மூன்றாமவர் காலின்ஸ் தாய்க்கலத்தில் சந்திரனைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார், பாவம், அவரை யாரும் விசாரிக்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏண்டா, செருப்பக் கழட்டிட்டுத்தான எறங்குனான்?"